மாவுக்கு இரண்டு சாட்சி

போன வாரம் டெலியாவை அச்சு எந்திரத்தின் முன்னால் நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், அவள் இன்னும் அங்கேதான் நிற்கிறாள். எந்திரம் சூடேறிக் காகிதத்தைத் துப்பிக்கொண்டிருக்கிறது.

இந்த வாரம்தான் கதைக்குள் வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. ஊரில் இருந்த வங்கிக் கிளையை மூடியதும், அங்கே இருபது வருஷத்துக்கு மேல் பணம் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்த டெலியா, நோட்டரிப் பரீட்சை எழுதி ஒரு முத்திரையும் ஒரு பெரிய அச்சு எந்திரமும் வாங்கினாள். வீட்டின் மேல் கடன் வாங்குகிறவர்கள் இப்போது வங்கிக்குப் போவதில்லை. டெலியாதான் அவர்கள் வீட்டுக்குப் போகிறாள். காகிதங்களை அச்சடித்து எடுத்துப்போய், அவர்களுடைய சாப்பாட்டு மேஜையிலேயே உட்காரவைத்து, அடையாள அட்டையில் இருக்கிற முகமும் எதிரே இருக்கிற முகமும் ஒன்றுதானா என்று பார்த்து, பக்கம் பக்கமாகக் கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி, அன்றைக்கே அனுப்பிவைக்க வேண்டும். ஒரு வேலைக்கு இவ்வளவு என்று கூலி. போகிற தூரம், காத்திருக்கிற நேரம், காகிதம், மை எல்லாம் அவள் தலையில்.

கணவன் ஜில்பெர்ட்டோ பால் பண்ணைகளில் மாடு கறந்தே முழங்காலைத் தொலைத்தவன். மனைவியின் இந்தத் தொழில் அவனுக்குப் பிடிக்கவில்லை. பாதாம் ஆலையின் அலுவலகத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி காத்திருக்கிறது. திங்கட்கிழமை மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது டெலியா அவனுக்கு ஒரு வாக்குக் கொடுத்துவிட்டாள். திங்களன்று இரண்டு வேலை. பிற்பகல் வேலை, டர்லாக்கில் இருக்கும் பத்திர அலுவலகம் நடுவில் தரகுக் கம்பெனி இல்லாமல் நேராக அவளிடம் கொடுத்த முதல் வேலை. அது ஒழுங்காக முடிந்தால் இதே தொழில். கோணினால் ஆலை.

இன்று அந்தத் திங்கட்கிழமை.

“நீளக் காகிதம் தீந்துபோச்சு,” என்றாள் டெலியா.

ஜில்பெர்ட்டோ நொண்டிக்கொண்டே வந்து எந்திரத்தின் காகிதத் தட்டை நிரப்பினான். “காலையிலேருந்து ஒரு மரத்தையே தின்னுடுச்சு இது.”

“தின்னட்டும். சம்பாதிச்சுத் தருதுல்ல.”

“என்ன சம்பாதிக்குது? நானும் கணக்குப் பாத்துட்டேன். அச்சடிக்க ஒரு மணி நேரம். போக வர ஒரு மணி நேரம். கையெழுத்து வாங்க ஒரு மணி, அவங்க வீட்டு நாய்க் கதை கேக்க அரை மணி. திரும்பி வந்து ஸ்கேன் பண்ணு, கூரியர்ல கொண்டு போடு. பெட்ரோலையும் மையையும் கழிச்சா, ரோட்டோரம் ஸ்ட்ராபெரி விக்கிற பொண்ணு உன்னைவிட ஜாஸ்தி வாங்கறா.”

“அவளுக்கு முதலாளி இருக்கான். எனக்கு இல்ல.”

“அவளுக்குச் சாயந்திரமே காசு கையில. உனக்கு? ஒன்றரை மாசம் கழிச்சு, நாலு தடவை போன் போட்டப்புறம்.”

டெலியாவின் கைபேசி சிணுங்கியது. படித்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள்.

“என்னவாம்?”

“காலை வேலை வேணாமாம். வட்டி இன்னும் குறையும்னு யாரோ சொன்னாங்களாம். பொறுத்துப் பாக்கப் போறாங்களாம்.”

ஜில்பெர்ட்டோ, மேஜையில் அடுக்கியிருந்த, காலை வேலைக்கான காகிதக் கட்டைப் பார்த்தான். சூடு கூட ஆறவில்லை. “அப்ப அச்சடிச்சது?”

“அதுக்கு ஏதோ குடுப்பாங்க.”

“எவ்வளவு?”

டெலியா அந்தக் கட்டை எடுத்து மேஜைக்கு அடியில் தள்ளினாள். அவன் மேலே கேட்கவில்லை. கெட்டவன் இல்லை அவன். எதிராளி விழுந்த பிறகு அடிக்கிற பழக்கம் கிடையாது.

பிற்பகல் வேலைக்கான காகிதங்கள் வரத் தொடங்கின. அவற்றைத் தட்டிச் சேர்ப்பது அவன் வேலை. முதல் பக்கத்தை எடுத்தவன், தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தான். கை அப்படியே நின்றது.

“யாரு இது?”

“யாரோ வெனான்சியோவாம். ஹில்மார் தாண்டி, கால்வாய் ஓரம். போன்ல பேசினேன், நல்ல மனுஷனாத் தெரியுது. ‘பூட்ஸ் போட்டுட்டு வாம்மா’ன்னார். ஏன், உனக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

சீக்கிரமாகச் சொன்னான். காகிதங்களைச் சேர்த்தான். ஒரு தடவை தட்டினால் போதும். நாலைந்து தடவை தட்டினான்.

“இன்னைக்குப் போகாத, டெலியா.”

“ஏன்?”

“வெயில்.”

ஜூன் மாதம். எங்கள் பள்ளத்தாக்கு. வெயில் அடிக்காத ஜூன் மாதத்தை யார் கண்டார்கள்? டெலியா சிரித்துவிட்டுப் பையை எடுத்தாள். ஆலை வேலைக்காக மனுஷன் இவ்வளவு தூரம் இறங்கிவிட்டானே என்று நினைத்துக்கொண்டாள். வேறு என்ன நினைப்பாள்?

மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது. கால்வாய்ப் பாலம் தாண்டி மண் பாதையில் திரும்பி, பால் தொட்டிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினாள். கறவைக் கொட்டகையிலிருந்து ஒரு மனிதர் ஈயை விரட்டிக்கொண்டே வெளியே வந்தார். எழுபது வயசு. வெளுத்த தொப்பி.

டெலியா பூட்ஸை எடுக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

வந்தவர் மாவு.

கடல் தாண்டித் தீவுகளிலிருந்து இந்த நாட்டுக்கு வந்த எங்கள் ஜனத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஞானஸ்நானத்தில் வைத்த பேர் கோயில் பதிவேட்டில் தூங்கும். ஊரில் நடமாடுவது பட்டப்பேர். அரை லிட்டர் என்று ஒருவர். முட்டை டோனி என்று ஒருவர். ஜில்பெர்ட்டோ குடும்பத்துக்கே ஊசி என்று பேர். கல்லறைக் கல்லில் முழுப்பேரைப் படித்துவிட்டு, “இது யாரு? ஓ, நம்ம அரை லிட்டரா!” என்று கேட்கிற ஊர் இது. மாவுக்கு வெனான்சியோ பெலர்மினோ த சில்வேரா என்று ஒரு நீளப் பேர் இருக்கும் என்று டெலியாவுக்கு யார் சொன்னார்கள்?

அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஊசி வீட்டில் மாவு என்ற பேரை எடுக்கக் கூடாது. ஜில்பெர்ட்டோவின் அக்கா பிலோமினாவை மாவுக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். டெலியா மருமகளாக வருவதற்கு ரொம்ப முன்னால். இன்னாருக்கு இன்னார் என்று மூன்று ஞாயிறு வாசிக்கிற கல்யாண ஓலை, கோயிலில் இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. மூன்றாவது ஞாயிறு வாசிக்கவில்லை. மாவு பின்வாங்கிவிட்டார் என்று சொல்லிக்கொண்டார்கள். பிலோமினா அதன்பிறகு யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. தம்பி வீட்டின் பின்னறையில்தான் இருக்கிறாள்.

திரும்பிப் போய்விடலாமா? டெலியாவின் கை கதவுப்பிடியில் இருந்தது.

“ஊசி வீட்டு மருமகளா நீ?” மாவு தொப்பியைக் கழற்றினார். “போன்ல டெலியான்னதும் நான் யோசிக்கவே இல்ல பாரு. உனக்குச் சங்கடமா இருந்தா போயிடு தாயி. நான் வேற ஆளை அனுப்பச் சொல்றேன்.”

“இன்னைக்கே வேற ஆள் கிடைப்பாங்களா அண்ணே?”

“கிடைக்கலைன்னா வெள்ளிக்கிழமை வீடு போகும்,” என்றார் சாதாரணமாக, பாலில் தண்ணீர் கலந்துவிட்டது என்கிற மாதிரி.

பழைய கடனுக்கு வெள்ளிக்கிழமை கெடு. புதுக் கடன் வந்து அதை அடைக்க வேண்டும். ஆனால் கையெழுத்துப் போட்ட பிறகு மனசு மாறுகிறதா என்று பார்க்கச் சட்டம் மூன்று நாள் கொடுக்கிறது. அது கழிந்துதான் பணம் வரும். இன்றைக்குப் போட்டால் வெள்ளிக்கிழமை. நாளைக்குப் போட்டால் வீடு இல்லை.

டெலியா பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

சமையலறை மேஜையில் சீஸும் ரொட்டியும் காப்பியும் வைத்திருந்தார். அவள் காப்பியை ஜன்னல் பக்கம் நகர்த்திவிட்டுக் காகிதங்களைப் பரப்பினாள். நீலப் பேனாவை எடுத்து வைத்தாள். “அட்டையைக் குடுங்க அண்ணே.”

மாவு பழைய பணப்பையிலிருந்து ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக் கொடுத்தார். டெலியா பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

“இது காலாவதி ஆகிடுச்சே.”

“கண்ணு ஆப்பரேஷனுக்கு அப்புறம் நான் வண்டி ஓட்டறதில்ல. ஓட்டாதவனுக்கு எதுக்கு உரிமம்னு விட்டுட்டேன்.”

“அட்டை இருக்கான்னு போன்ல கேட்டேனே!”

“இருக்கே. இதோ.”

“பாஸ்போர்ட்?”

“அப்பா என்னைத் தூக்கிட்டு வந்தப்ப எடுத்தது. அதுல எனக்கு ரெண்டு பல்லுதான்.” சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். “ஏம்மா, உனக்குத்தான் என்னைத் தெரியுமே. ஞாயித்துக்கிழமை கோயில்ல பாக்கறியே.”

“எனக்குத் தெரிஞ்சா செல்லாது. இந்த மாநிலத்துல நோட்டரி தன் கண்ணை நம்பக் கூடாதுன்னு சட்டம்.”

“அப்ப யாரு கண்ணைத்தான் நம்புவீங்க?”

டர்லாக் அலுவலகத்து ரோக்ஸேனுக்குப் போன் போட்டாள். அந்தப் பெண் பெருமூச்சு விட்டு, “ரெண்டு சாட்சி வெச்சு முடிக்க முடியுமா பாருங்க. ஆனா இன்னைக்குக் கூரியர் போயாகணும். சரியில்லைன்னா நாங்க எடுத்துக்க மாட்டோம்,” என்றாள்.

சாட்சி என்றால் சும்மா வந்து நிற்கிற ஆள் இல்லை. செல்லுபடியாகிற அட்டை வேண்டும். கடனில் பங்கு இருக்கக் கூடாது. காகிதத்தில் எழுதியிருக்கிற பேருக்குரிய ஆள் இவர்தான் என்று கையைத் தூக்கிச் சத்தியம் செய்ய வேண்டும்.

“அவ்வளவுதானே?” மாவுக்கு முகம் மலர்ந்தது. ஜன்னல் வழியே குரல் கொடுத்தார். “மாக்சிமோ! இங்க வா!”

ஒன்பது வருஷமாக அங்கே கறக்கிற மாக்சிமோ கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

“இவரைத் தெரியுமா உனக்கு?” டெலியா கேட்டாள்.

“எங்க முதலாளி, அம்மா.”

“பேரு?”

“மாவு.”

“முழுப்பேரு?”

மாக்சிமோ யோசித்தான். “மாவு ஐயா.”

டெலியா கண்ணை மூடிக்கொண்டாள். பேரைச் சொல்லிக் கொடுத்து அதையே திரும்பச் சொல்லவைத்தால் அது சாட்சி ஆகாது. அவனை அனுப்பிவிட்டாள்.

“உங்க பேரு தெரிஞ்சவங்க யாருமே இல்லையா அண்ணே? டாக்டர்?”

“மொடெஸ்டோவுல. அவரும் போன மாசம்தான் புதுசா வந்தார்.”

“சாமியார்?”

“அவரும் புதுசு. என்னை ‘மிஸ்டர் மாவு’ங்கறார்.” தலையைச் சொறிந்தவர் முகம் திடீரென்று கோணியது. “ஒருத்தன் இருக்கான். வருவானான்னு தெரியல.”

கால்வாய்க்கு அந்தப் பக்கத்து நிலத்துக்காரர் ஆர்தூர். தண்ணீர் முறைக்காக மாவின் மேல் மூன்று தடவை வழக்குப் போட்டவர். டெலியாதான் போன் போட்டாள். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய பழைய டிரக் பாலத்தில் தடதடத்தது.

“வெனான்சியோ பெலர்மினோ த சில்வேரா!” உள்ளே வரும்போதே முழங்கினார். “எனக்கா தெரியாது? மூணு தடவை கோர்ட்டுக்கு எழுதிக் குடுத்திருக்கேன். ஒரு எழுத்து தப்பினா தள்ளிடுவாங்கன்னு என் வக்கீல் மனப்பாடம் பண்ண வெச்சார். இந்த ஆளு இந்த ஆளுதான்னு நான் எந்த ஜட்ஜு முன்னாலயும் சொல்லுவேன்.”

“மூணுலயும் தோத்தியே,” என்றார் மாவு.

“ரெண்டரை.”

டெலியாவுக்கு ஆச்சரியம். “நீங்க எதுக்கு ஐயா உதவி பண்றீங்க?”

ஆர்தூர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “இவனுக்குக் கடன் கிடைக்கலைன்னா இந்த இடத்தை எவனாவது பாதாம் கம்பெனி வாங்குவான். அப்புறம் நான் யாரோட சண்டை போடறது? கம்பெனியோடவா?” ஒரு துண்டு சீஸை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். முப்பது வருஷத்தில் அந்த வீட்டில் அவர் சாப்பிட்ட முதல் துண்டு.

ஒரு சாட்சி ஆயிற்று. இன்னொன்று?

மாவு வெளியே மாடுகளைப் பார்த்தார். “மத்தவங்க எல்லாம் கல்லறையில தாயி. நீ காகிதத்தைக் கட்டு.”

டெலியா கட்டவில்லை. ஒரு பேர் அவள் மனசுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தார்களே. அப்போது சாமியார் ‘மாவு’ என்றா வாசித்திருப்பார்?

அவள் கைபேசியை எடுத்த விதத்திலேயே மாவுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து நின்றார். “வேணாம். அவளைக் கூப்பிடாத. வீடு போனா போகட்டும்.”

“வீடு உங்களுது. இந்த வேலை என்னுது அண்ணே,” என்றாள் டெலியா. “இன்னைக்கு இதை விட்டா நாளையிலேருந்து நான் ஆலைக்குப் போகணும். கேட்டுத்தான் பாக்கறேன். மாட்டேன்னா அதுவும் அவங்க இஷ்டம்.”

பிலோமினா, பரிசுத்த ஆவித் திருவிழாவுக்காகக் கோயில் கூடத்தில் இனிப்பு ரொட்டி பிசைந்துகொண்டிருந்தாள். போனில், பிசைந்த மாவை மேஜையில் அறைகிற சத்தம் கேட்டது.

“அக்கா, நான் ஒரு வேலைக்கு வந்தேன். சாட்சி ஒண்ணு வேணும். ஆளோட பேரு...” டெலியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “மாவு.”

அறைகிற சத்தம் நின்றது.

“அட்டை காலாவதி ஆகிடுச்சா?” என்றாள் பிலோமினா.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அந்த மனுஷன் எதைத்தான் நாளோட பண்ணினார்? வந்து கூட்டிட்டுப் போ. ஆறு ரொட்டி அடுப்புல இருக்கு, அதை எடுத்துட்டு வர்றேன்.”

கூடம் பக்கம்தான். பிலோமினா ஏப்ரனோடேயே வண்டியில் ஏறினாள். முழங்கை வரை மாவு. மடியில் துணி சுற்றிய சூடான ரொட்டிகள். பாலம் வந்தபோது, “யூகலிப்டஸை வெட்டிட்டாங்களா?” என்றாள்.

உள்ளே வந்ததும் மாவு நின்ற பக்கம் திரும்பவில்லை. நேராகக் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினாள். சோப்பு எங்கே என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை, எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

இருவருடைய அட்டையையும் டெலியா வாங்கிப் பார்த்த பிறகு, ஆர்தூர் முதலில் சத்தியம் செய்தார். எதிரியின் பேரை ஒவ்வொரு எழுத்தாக ருசித்துச் சொன்னார்.

“வலது கையைத் தூக்குங்க அக்கா,” என்றாள் டெலியா. வீட்டில் அதட்டி வேலை வாங்குகிற நாத்தனார் பள்ளிக்கூடப் பெண் மாதிரி கையைத் தூக்கினாள். “இவரு பேரு என்ன?”

“வெனான்சியோ பெலர்மினோ த சில்வேரா.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ரெண்டு ஞாயித்துக்கிழமை என் பேரோட சேத்து வாசிச்சாங்க. எல்லாரும் திரும்பி, யாருடா இந்த வெனான்சியோன்னு பாத்தாங்க. எனக்கு மட்டும் தெரியும்.” கொஞ்சம் நிறுத்தினாள். “மாவுன்னு பேரு வெச்சதே நான்தான். கூடத்துல ரொட்டி பிசையறப்ப எட்டி எட்டிப் பாத்தார். ஒரு தட்டு மாவை எடுத்துத் தலையில கொட்டினேன்.”

ஆர்தூர் கூரையைப் பார்த்தார். டெலியா தன் வேலையைச் செய்தாள். “பல வருஷமாப் பேச்சில்லையே. இப்பவும் இவரைத் தெரியும்னு சத்தியம் பண்ணுவீங்களா?”

“பேசாம இருந்தா தெரியாமப் போயிடுமா? கோயில்ல எனக்கு ரெண்டு வரிசை முன்னாடி உக்கார்றார். முடி கொட்டினது, முதுகு வளைஞ்சது, கண்ணு ஆப்பரேஷன் பண்ணிக்கிட்டு கறுப்புக் கண்ணாடியோட வந்தது எல்லாம் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். அவரேதான்.”

“இந்தக் கடன்லயோ வீட்டுலயோ உங்களுக்கு ஏதாவது பங்கு உண்டா?”

“ஒரு காலத்துல இருந்திருக்கும்,” என்றாள் பிலோமினா. “இப்ப இல்ல.”

டெலியாவின் நோட்டரிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். சாட்சி இரண்டு ஆயிற்று.

இனி டெலியாவின் வேலை பக்கம் புரட்டுவது. எங்கே கையெழுத்து என்று விரலை வைக்கலாம். எதைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்லக் கூடாது. நோட்டரி என்றால் வாயில்லாத நாற்காலி என்று அவளுக்குப் பயிற்சி கொடுத்தவள் சொல்வாள்.

“முழுப்பேரும் போடணும் அண்ணே. ஒவ்வொரு பக்கத்துலயும்.”

“மாவுன்னு போட்டுத் தொலைச்சுடாத,” என்றார் ஆர்தூர்.

மாவு மெதுவாக எழுதினார். வருஷக்கணக்காக எழுதாத பேர். இருபது பக்கம் போயிருக்கும். பேனாவை நிறுத்தாமல், தலையைத் தூக்காமல் கேட்டார்.

“மூணாவது ஓலையை ஏன் நிறுத்தச் சொன்ன, பிலோமினா?”

பிலோமினா ரொட்டித் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். “என்ன?”

“ஒரு தடவை கேக்கணும்னு இருந்தேன். இனிமே எப்பக் கேக்கப்போறேன்.”

“நானா நிறுத்தினேன்? நீங்க சாமியார்கிட்ட போய் நிறுத்தினீங்க.”

“நீ சொல்லி அனுப்பினதாலதான் போனேன்.” இப்போது தலையைத் தூக்கினார். “சனிக்கிழமை சாயந்திரம் உன் தம்பி கொட்டகைக்கு வந்தான். அக்காவுக்கு இஷ்டம் இல்ல, முகத்துக்கு நேரா சொல்ல முடியாம அழுவுறா, நீங்களே நிறுத்திடுங்கன்னான். பதினெட்டு வயசுப் பையன், அவனே அழுதான். நான் ஏன் நம்ப மாட்டேன்?”

மாடு ஒன்று கத்தியது. ஈ ஒன்று காகிதத்தின் மேல் உட்கார்ந்தது. டெலியா அதை விரட்டினாள். அவளுக்கு அப்போது காலையில் அச்சு எந்திரத்துக்குப் பக்கத்தில் அப்படியே நின்றுபோன ஜில்பெர்ட்டோவின் கை ஞாபகம் வந்தது. வெயில் என்று சொன்ன வாய் ஞாபகம் வந்தது. வாயைத் திறக்கக் கூடாது. பக்கத்தைப் புரட்டினாள்.

“வந்து என்னைக் கேட்டிருக்கலாம்,” என்றாள் பிலோமினா.

“நீயும் கேட்டிருக்கலாம்.”

“கேட்டிருக்கலாம்தான்.”

“எனக்குத் தண்ணி திறக்க நேரமாச்சு,” என்றார் ஆர்தூர். எழுந்திருக்கவில்லை.

மாவு மறுபடியும் குனிந்து எழுதத் தொடங்கினார். அதன்பிறகு போட்ட கையெழுத்துகள் கொஞ்சம் கோணலாக இருந்தன, ஆனாலும் முழுப்பேர்தான். கட்டைவிரலை மையில் ஒற்றிப் பதிவேட்டில் வைத்தார். டெலியா முத்திரையைக் குத்தி, மங்கியிருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் சாய்த்துப் பார்த்தாள். மங்கவில்லை.

புறப்படும்போது பிலோமினா மேஜையில் ஒரு ரொட்டியை வைத்தாள். “சூடு ஆறினப்புறம் வெட்டுங்க. உங்களுக்குப் பொறுமை கிடையாது.”

“நாப்பது வருஷத்துக்கு மேல பொறுத்திருக்கேன்,” என்றார் மாவு.

கூரியர்க் கடைக்காரன் கதவைப் பாதி இழுத்திருந்தான். பக்கங்களைக் கைபேசியிலேயே ஸ்கேன் செய்து அனுப்பியிருந்த டெலியா உறையை நீட்டினாள். வண்டிக்குத் திரும்பியபோது ரோக்ஸேன் அழைத்தாள். ஸ்கேன் வந்துவிட்டதாம், ஒரு குறையும் இல்லையாம். “ரெண்டு சாட்சியோட இவ்வளவு சுத்தமா யாரும் பண்ணிப் பாத்ததில்லை. இந்தப் பக்கத்து வேலை எல்லாம் இனி உங்களுக்கே நேரா தரேன். தரகு கழிக்காம முழுக் கூலி. வாரக் கடைசியில செக். சம்மதமா?”

“சம்மதம்,” என்றாள் டெலியா. காலையாக இருந்தால் குதித்திருப்பாள். ஆலைக்கு, வரவில்லை, நன்றி என்று செய்தி அனுப்பினாள். அதற்கும் கை தயங்கவில்லை. ஆனால் சாவியைத் திருப்பத்தான் அவளால் முடியவில்லை.

“அக்கா, நான் உங்களைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா?”

பிலோமினா மடியில் இருந்த ரொட்டிகளைத் தடவினாள். விரலிடுக்கில் இன்னும் மாவு இருந்தது. “நீ உன் வேலையைப் பண்ணின. வண்டியை எடு.”

ஜில்பெர்ட்டோ சமையலறையில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தான். வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்து கதவுக்கு வந்தான். “முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது. ஆலைக்கு வரலைன்னு சொல்லிட்டேன்.”

“சரி,” என்றான். சண்டை போடவில்லை. அவன் கண் டெலியாவைத் தாண்டிப் போனது. திங்கட்கிழமை சாயந்திரம் கோயில் கூடத்தில் இருக்க வேண்டிய அக்கா, அவள் பின்னால் படியேறிக்கொண்டிருந்தாள்.

“அட்டை காலாவதி,” என்றாள் டெலியா மெல்ல. “ரெண்டு சாட்சி வேண்டியிருந்துச்சு.”

அவன் நொண்டிக்கொண்டே பின்னால் நகர்ந்தான். பிலோமினா உள்ளே வந்தாள். ரொட்டிகளை மேஜையில் வரிசையாக வைத்தாள். ஏப்ரனை அவிழ்த்து நாற்காலி முதுகில் போட்டாள். உட்கார்ந்தாள்.

“உக்காரு, ஜில்பெர்ட்டோ.”

உட்கார்ந்தான்.

டெலியா நழுவிப் பின்கட்டுக்குப் போகப் பார்த்தாள். பிலோமினா திரும்பாமலேயே சொன்னாள். “நீயும் இரு. முத்திரை எல்லாம் வேணாம். நடுவுல ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான்.”

பிறகு, பிற்பகல் தன்னிடம் கேட்டவளின் அதே குரலில், தம்பியைப் பார்த்துச் சொன்னாள்.

“வலது கையைத் தூக்கு.”

மொச்சைத் தோலுக்கு நடுவே இருந்த அந்தக் கை வெகுநேரம் அசையவில்லை. பிறகு எழுந்தது.